இறால் குஞ்சும் என் தண்ணீர்ப் போத்தலும்

எனக்கு நாக்கு நல்ல நாக்கு. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கறிக்கு உப்புப் போதுமா என்று எங்கள் வீட்டில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் சட்டி என்னிடம்தான் வரும். அந்த நாக்கு ஒரு நோன்பு மாதத்தில் என்னை மாட்டியும் வைத்தது, எங்கள் இறால் குளத்தைக் காப்பாற்றியும் விட்டது.

குளம் களப்போரத்தில், கடலோர உப்பேரிக் கரையில் இருக்கிறது. என் கணவரும் அவருடைய வாப்பாவும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். அதற்கு முன் இரண்டு தடவை நோய் விழுந்து இறால் எல்லாம் செத்திருந்தது. “இந்த முறையும் செத்தா நான் கட்டாருக்கு உழைக்கப் போறன் புள்ள” என்று கணவர் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். போனில் முகம் பார்த்துக் குடும்பம் நடத்த என்னால் ஏலாது. ஆகவே இந்தக் குஞ்சுகள் பிழைத்தே ஆகவேண்டும்.

குஞ்சு வந்த அன்று, அதை வாங்கப் போன அவர் சிலாபத்தில் நின்றார். குஞ்சுகள் நீந்தும் தண்ணீர்ப் பைகளை வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கலக்குகிற மோட்டாரைத் திருத்துவதற்காக அங்கேயே தங்கிவிட்டார். வான்காரர் பைகளை வரம்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உப்புப் பார்க்கும் மீட்டரைத் தேடினால், அது கணவரின் சட்டைப் பைக்குள் சிலாபத்தில் இருக்கிறது! போன் எடுத்தேன்.

“நேத்து நம்மட குளத்த அளந்துதானே வந்தன். இங்கத்தத் தண்ணியும் அதே உப்புத்தான். பயப்படாம விடுங்க.”

“ராவு முழுக்க இங்க மழை.”

“மழையா? இங்க ஒரு துளி இல்லையே” என்றவர், கொஞ்சம் யோசித்து, “வாப்பாட்டக் கேளுங்க” என்றார்.

மாமா, அதாவது அவருடைய வாப்பா, இளம் வயதில் உப்பளத்தில் வேலை செய்தவர். ஒரு துளி நாக்கில் பட்டால் உப்புக் கணக்கைச் சொல்லிவிடுவார். ஆனால் நோன்பு பிடித்திருந்தார்.

“நுனி நாக்குல வெச்சுத் துப்புங்க மாமா. சோறாக்குற பொம்பளைகள் அப்படிப் பாக்கலாம்தானே?”

“அது அடுப்படிக்கு, மகள். சந்தேகமான வேலை எனக்கு வாணாம். வெயில் ஏறுது, பை சுடப்போகுது. விட்டிருவம்” என்று முதல் பையின் ரப்பர் வளையத்தில் கை வைத்தார்.

“பொறுங்க மாமா” என்று பையை என் பக்கம் இழுத்தேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன உயிர்க் கலங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய மென்சவ்வு. தண்ணீர் அதற்குள்ளால் லேசாகப் போய்வரும், உப்பு அப்படி நினைத்தபடி போய்வர முடியாது. உப்புக் குறைந்த பக்கமிருந்து கூடின பக்கத்துக்குத் தண்ணீர் நகர்வதைப் பிரசாரணம் என்று மனப்பாடம் செய்தோம். உப்பில் வளர்ந்த குஞ்சைத் திடீரென்று மழைத் தண்ணீரில் கொட்டினால் செவுள் வழியே தண்ணீர் உள்ளே பாயும், உடம்பிலுள்ள உப்பு வெளியே ஒழுகும். உப்பை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளச் செவுளில் இருக்கும் கலங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வேலைக்குத் தயாராக அவற்றுக்கு நேரம் வேண்டும்.

“ஊறுகாய்க்குத் தேசிக்காய வெட்டி உப்புப் போட்டா தண்ணி வெளிய வருதா இல்லையா, மாமா?”

“ஓம், வரும்.”

“உப்புத்தான் இழுக்குது. இப்ப உப்பு குஞ்சிட உடம்புக்குள்ள, மழத்தண்ணி வெளிய. உள்ள இழுத்து ஊதிச் செத்துப்போகும்.”

“மழ அவ்வளவு பெய்யல்லயே, மகள்.”

அன்று எனக்கு நோன்பில்லை. தொழுகையும் நோன்பும் இல்லாத நாட்கள் மாதாமாதம் வருவது எங்கள் வீடுகளில் பெண்களுக்கெல்லாம் தெரியும். ஆண்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். அந்த நாட்களில் நானும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்புவேன். பகலில் கொட்டிலுக்குள் இறால் தீன் மூட்டைகளின் பின்னால் குந்தியிருந்து, களவெடுத்தவள் போல ஒரு மிடறு குடிப்பேன். மருமகளாக வந்து பதினொரு வருடம், நோன்புப் பகலில் மாமாவின் முன்னால் என் வாயில் ஒரு துளி பட்டதில்லை.

வெட்கத்தைப் பார்ப்பதா, குஞ்சைப் பார்ப்பதா? என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. விறுவிறென்று கொட்டிலுக்குள் போய் ஒளித்து வைத்திருந்த போத்தலை எடுத்து வந்தேன். குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டுத் துப்பினேன். வாயைக் கழுவாமல் அடுத்த ருசி தெரியாது. போத்தலைத் திறந்து கொப்பளித்தேன். மானம் போனது போனதுதான், தாகமாகவும் இருந்தது, மடக்மடக்கென்று குடித்தும் விட்டேன். பிறகு ஒரு பையை அவிழ்த்து அதன் தண்ணீரையும் பார்த்தேன்.

மாமா போத்தலைப் பார்த்தார். உடனே களப்புப் பக்கம் திரும்பி, கப்பல் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். என் காது இரண்டும் சுட்டன. வாய் மட்டும் நிற்கவில்லை.

“பையில நல்ல உப்பு, மாமா. குளத்துல மேல நிக்கிறது முழுக்க மழத்தண்ணி. கலக்க மோட்டாரும் இல்ல.”

அவர் திரும்பாமலே கேட்டார். “அப்ப என்ன செய்யணும், மகள்?”

பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

குஞ்சுகளைப் பெரிய தொட்டிகளில் ஊற்றிச் சின்னக் காற்று மோட்டாரைப் போட்டோம். குளத்துத் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகச் சேர்த்தோம். ஒரு கோப்பை, கொஞ்சம் பொறுப்பது, அடுத்த கோப்பை. நடுப்பகல் லுஹர் தொழப்போன மாமா திரும்பி வரும்போது வாய் வெட்டிய செவ்விளநீர் ஒன்றைக் கொண்டுவந்து வரம்பில் வைத்தார்.

“இது இங்க இருக்கட்டும். எனக்கு அந்த மூலையில வேல இருக்கு” என்று குளத்தின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த மூலையில் ஒரு வேலையும் கிடையாது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு குஞ்சுகளைக் குளத்தில் விட்டோம். மறுநாள் காலை, குளத்தில் இறக்கி வைத்திருந்த வலைத்துண்டைத் தூக்கிப் பார்த்தேன். குஞ்சுகள் துள்ளின! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மோட்டாரோடும் மீட்டரோடும் வந்து நின்ற கணவரிடம், “கட்டாருக்கு எப்ப?” என்றேன்.

“எந்தக் கட்டார்?” என்றார் அந்த மனிதர்.

அந்த வாரமே தீன் மூட்டைகளின் பின்னால் ஒரு புது மண்பானை வந்திருந்தது. நல்ல தண்ணீர், மூடி, மேலே கவிழ்த்த கோப்பை. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து மாமா கொட்டிலுக்கு வருவதென்றால் வரம்பிலிருந்தே பலமாக இருமிக்கொண்டுதான் வருவார். அவருக்குச் சளி ஒன்றும் கிடையாது.