சிவப்பு சுவிட்ச்

இது நடந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். என்னைப் பற்றிக் கல்லூரியில் அதைவிட மோசமான அபிப்பிராயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல்வரைக் கிண்டலடித்து எழுதியதற்காக இரண்டு முறை மன்னிப்புக் கடிதம் கொடுத்தவன் நான். அந்தக் கடிதங்களில் இருந்த பொய்யில் ஒரு துளிகூட இதில் இல்லை.

என் அக்கா புருஷன், அதாவது மாமா, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலையில் இருந்தார். அதற்காக ஒரு பழைய மோட்டார் சைக்கிளை மூன்று வாரத்துக்கு முன்தான் வாங்கியிருந்தார். வண்டி என்னைவிட ஒரு வயது மூத்தது. என்னைப் போலவே காலையில் எழுப்பினால் எழாது. இரண்டு நாளாகச் சுத்தமாகப் படுத்துவிட்டது. தள்ளிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். தெருமுனை மெக்கானிக்கோ வெளியூர் போயிருந்தார். மூன்றாவது நாளும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஏழாம் மாதம். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். எலெக்ட்ரிகல் இரண்டாம் வருடம் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான். ஒரு குடும்பம் நாசமாக இதற்கு மேல் என்ன வேண்டும்.

மாலை 6.40. மாடிக் கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்துமிடம். ஒரே ஒரு டியூப் லைட். கல்லூரி லேபிலிருந்து யாரையும் கேட்காமல் எடுத்து வந்த மல்ட்டிமீட்டரோடு உட்கார்ந்தேன்.

பேட்டரி 12.6 வோல்ட். குறையே இல்லை. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் மோட்டார் கிர்ர்ர் என்று நன்றாகவே சுற்றியது. இஞ்சின்தான் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி இஞ்சின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். பொறி இல்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலில் மீட்டரை மாட்டினேன். பூஜ்யம். காயிலுக்குக் கரண்டே வரவில்லை.

எங்கே நின்றுபோகிறது என்று ஒவ்வொரு வயராகப் பார்த்துக்கொண்டே மேலே வந்தேன். வலது கைப்பிடி. அங்கே, இஞ்சினை அணைக்கும் சிவப்பு சுவிட்ச்.

ஆஃபில் இருந்தது.

சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது இதற்குத்தானா. ஆனுக்குத் தள்ளினேன். மீட்டரில் 12.4. பிளக்கை மாட்டக் குனிந்தேன்.

டக்.

நிமிர்ந்தேன். மீட்டரில் பூஜ்யம். சுவிட்ச் ஆஃபில்.

பழைய வண்டி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மறுபடி தள்ளினேன். மறுபடி டக். ஐந்து தடவை. ஆறாவது தடவை இன்சுலேஷன் டேப்பை எடுத்து, சுவிட்ச் ஆனில் இருக்கும்போதே மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

7.05க்கு மாமா டீயோடு இறங்கி வந்தார்.

"என்ன மாப்ள, ஆபரேஷனா, போஸ்ட்மார்ட்டமா?"

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா. இந்தச் சுவிட்ச்தான் தகராறு பண்ணுது."

"எந்தச் சுவிட்ச்?"

"இதோ, இந்தச் சிவப்பு."

அவர் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையா நீ?" என்றார்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. கம்பெனி. "வந்துடுறேன் சார்... கண்டிப்பா சார்... மச்சான் பார்த்துட்டு இருக்கான், இன்ஜினியர் சார்..." என்று பேசிக்கொண்டே மாடி ஏறிப் போய்விட்டார். என்னை யாரும் அதுவரை இன்ஜினியர் என்று சொன்னதில்லை. டீயை நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தேன்.

7.18.

டக்.

டேப்புக்கு உள்ளேயிருந்து.

பிரித்தேன். டேப் கிழியவில்லை, நழுவவில்லை. உள்ளே சுவிட்ச் ஆஃபில் இருந்தது. பிரித்த விரல்கள் கைப்பிடி ரப்பரில் பட்டன. வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டு எடுத்ததுபோல... இடது கைப்பிடியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

தெருவில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. மூன்றாவது மாடியில் யாரோ குழந்தையைப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்கள். பேய் வருகிற நேரமோ இடமோ இல்லை. அதனால்தான் ஓடாமல் நின்றேன்.

சுவிட்சை ஆனுக்குத் தள்ளி, கையை எடுத்து, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

7.26. வண்டிக்குப் பின்னாலிருந்த சுவர் சிவந்தது.

பிரேக் விளக்கு.

பிரேக்கை யாராவது பிடித்தால்தான் அது எரியும். நான் பிடிக்கவில்லை. வலது கைப்பிடியைப் பார்த்தேன். பிரேக் லீவர் மெதுவாக... மிக மெதுவாக... கைப்பிடியை நோக்கி வந்துகொண்டிருந்தது. வந்து, ஒட்டி, நின்றது.

வண்டியை முன்னால் தள்ளினேன். அசையவில்லை.

"விடு," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

டக்.

அப்போதே சாவியைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போயிருக்க வேண்டும். போய் என்ன சொல்வது? பேய் பிடித்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கு வேலைக்குப் போகாதீர்கள் என்றா? மேலே, நாளைக்கு மாமா எடுத்துப்போக வேண்டிய சாப்பாட்டு டப்பாவை அக்கா கழுவுகிற சத்தம் கேட்டது.

சுவிட்ச் கெட்டால் எங்களைப் போன்ற அரைகுறைகள் செய்வது ஒன்றுதான். சுவிட்சை விட்டுவிட்டு, அதற்குப் போகிற இரண்டு வயரையும் வெட்டி, நேராக ஒன்றோடொன்று முறுக்கிவிடுவோம். அதற்குப் பிறகு சுவிட்ச் ஆனில் இருந்தால் என்ன, ஆஃபில் இருந்தால் என்ன. அதன் பேச்சு எடுபடாது.

7.41. கறுப்பு வயரை வெட்டினேன்.

லீவர் நடுங்கியது.

வெள்ளை வயர்.

டக். டக். டக் டக் டக் டக்...

கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினேன். சிவப்பு டேப் சுற்றினேன்.

சத்தம் நின்றது.

பிரேக் விளக்கு அணைந்தது. லீவர் பழைய இடத்துக்குப் போனது. பட்டென்று போகவில்லை. விரல் விரலாக...

பிளக்கை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். முதல் அழுத்திலேயே இஞ்சின் பிடித்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அக்கா கை தட்டினாள். "பார்றா, படிச்ச படிப்பு வீணாப் போகல," என்றாள்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

மறுநாள் காலை 5.50க்கு மாமா கிளம்பினார். வண்டி ஒரே அழுத்தில் எழுந்தது. 6.17க்கு நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தார். ஒழுங்காக, கோட்டுக்குப் பின்னால். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டு அக்கா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் யார் சொன்னதற்கும் தலையாட்டவில்லை.

பதினோராவது நாள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் போட்டிருந்த வண்டியை எடுக்கப் போனேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த மெக்கானிக்கும் வந்தார். முன்பக்கம் அவ்வளவாக நசுங்கவில்லை. வயர்க்கட்டில் சிவப்பு டேப்பைப் பார்த்துவிட்டு, "இது யார் வேலை?" என்றார்.

"நான்தான் அண்ணே. இஞ்சினை அணைக்கிற சுவிட்ச் கெட்டிருந்துச்சு. அதை விட்டுட்டு நேராச் சேர்த்தேன்."

"இந்த வண்டிக்கு அந்தச் சுவிட்சே கிடையாதே தம்பி."

வலது கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். ஸ்டார்ட்டர் பட்டன் இருந்தது. அதற்கு மேலே வழவழவென்று கறுப்புப் பிளாஸ்டிக். துளை இல்லை. ஒட்டின அடையாளம் இல்லை.

டேப்பை அவரே பிரித்தார். நான் முறுக்கிய கறுப்பும் வெள்ளையும் உள்ளே அப்படியே இருந்தன. இரண்டையும் விரலால் தடவிக்கொண்டே போனார். இந்தப் பக்கம் நாலு விரல் நீளம். அந்தப் பக்கம் நாலு விரல் நீளம். அதோடு முடிந்தது. எதிலும் போய்ச் சேரவில்லை. வண்டியின் சொந்த வயர்கள் பக்கத்திலேயே இருந்தன. அவற்றில் எதையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

"அப்போ ரெண்டு நாளா ஏன் ஸ்டார்ட் ஆகலண்ணே?"

அவர் காயில், பேட்டரி, வயர் எல்லாவற்றையும் இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார்.

"ஸ்டார்ட் ஆகாம இருக்கிறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே, தம்பி."