டியூபாவுக்குப் பை எடுத்தவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சொந்தமாகப் பை, பெட்டி விற்கும் கடை போட்டேன், பூன் லேயில் வீடு வாங்கினேன், இரண்டு பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினேன். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியை நீட்டினால், ஒரு கையால் தூக்கிப் பார்த்தே முப்பது கிலோ தாண்டுமா என்று சொல்லிவிடுவேன். விமான நிலையத் தராசு இதுவரை என்னை மறுத்துப் பேசியதில்லை.

என் மருமகள் சமூக மன்றத்து பேண்டில் டியூபா ஊதுகிறாள். பித்தளை வாத்தியம், வாய் மட்டும் சோற்றுக் குண்டான் அகலம். அவளோ என் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். பழைய பை கிழிந்துபோனது. டியூபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றால் டாக்சிக்காரர்கள் நிற்காமல் போனார்கள். "ஒத்திகைக்குக் கொண்டுவர முடியாவிட்டால் வேறு ஆள் ஊதட்டும்" என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஆன்லைன்ல பாத்துக்கிறேன் மாமா."

"பைக்கடைக்காரன் வீட்டுக்கு ஆன்லைன்ல பையா? வெளியில தலைகாட்ட முடியாதுலா!"

எனக்குச் சரக்கு அனுப்புகிறவர் மூன்று வகை காட்டினார். கெட்டிப் பெட்டி, வெறுமனே தூக்கினாலே மூச்சு வாங்கியது. சக்கரம் வைத்தது அவளுக்குப் பிடித்தது.

"மேம்பாலப் படியில சக்கரம் எப்படிம்மா உருளும்?" என்று கேட்டு, இரண்டு தோளிலும் மாட்டுகிற பையை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

டியூபாவின் அளவு கேட்டார். அன்றைக்கு சரஸ்வதி பூஜை. டியூபா சந்தனம், குங்குமம், கழுத்து நிறைய மாலையோடு சாமி முன்னால் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை அசைக்கலாமா? இருந்தபடியே டேப் பிடித்து அனுப்பிவிட்டேன்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு பை வந்தது. டியூபாவை வைத்துத் தூக்கினால் உள்ளே லொடலொடவென்று ஆடியது.

"மாமா, இதுல நானும் ஏறிக்கலாம் போல."

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "மாலையையும் சேத்தா அளந்தீங்க?"

"பூஜைக்குப் போட்ட மாலைய உருவச் சொல்றியா?" என்றேன். 

திருப்பி அனுப்ப நேரமில்லை. கடையில் கிடந்த பழைய பெட்டிகளின் பஞ்சை உரித்து, உட்புறம் முழுக்கக் கோணி ஊசியால் தைத்தேன். விரலில் நாலு குத்து. சாயங்காலம் டியூபா தொட்டில் பிள்ளை மாதிரி அசையாமல் படுத்தது.

மறுநாள் அவள் அதை மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினாள். பின்னால் போன எனக்கு அவள் தலையே தெரியவில்லை. ஒரு பை, அதற்குக் கீழே இரண்டு கால். ரயிலில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவளுக்கா பைக்கா என்று கேட்கவில்லை. பேண்ட் மாஸ்டர் வேறு ஆள் என்ற பேச்சையே விட்டுவிட்டாராம்.

கச்சேரியில் பிரமாதமாக ஊதினாள். முடிந்ததும் மைக்கைப் பிடித்து மாஸ்டருக்கு நன்றி சொன்னாள், தோள் பிடித்துவிட்டான் என்று அவள் புருஷனான என் மகனுக்கும் நன்றி சொன்னாள். பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் கேட்டதற்கு, "பைதானே மாமா!" என்று சிரிக்கிறாள்.

பைதானேயா? அது இல்லாவிட்டால் அந்த மேடையில் அவள் நாற்காலி காலிதான். அடுத்த கச்சேரியின் நிகழ்ச்சித் தாளில் "டியூபாவின் பை: மாமனார்" என்று அச்சடிக்க வேண்டும். எழுத்து பேண்ட் மாஸ்டர் பெயரைவிடச் சிறியதாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.