நீரில் கொஞ்சம் சர்க்கரை

பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. டாக்டர் ஒரு நீல மருந்தில் என் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாயிற்று; நீரில் கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம்.

"வியாதின்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்கப்பாவுக்கு இருந்திருக்கு. இனிப்பை நிறுத்தும்மா. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வேலைக்கு ஆபத்தில்லை. ஆபத்து கல்யாணத்துக்கு. சாந்தோம் கோயிலில் அந்த வாரம்தான் எங்கள் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். மூன்றும் முடிந்தால்தான் கல்யாணம்.

அம்மா அன்றே என் காபியில் சர்க்கரையை நிறுத்தினாள். வெளியே மூச்சு விடக்கூடாது. "தெரிஞ்சா எவன்டி உன்னைக் கட்டுவான்?"

ஓலை வாசித்த பெண்ணைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நாள் கூப்பிட்டுப் பலகாரம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். ஆகவே வீட்டில் பத்தியம், வெளியே விருந்து. ஒரு டம்ளர் தண்ணீர் அதிகமாகக் குடித்தால், இதுவும் அந்த வியாதிதானோ என்று அம்மா முறைப்பாள். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. இதிலிருந்து வெளியே போகிற கதவு எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை.

இரண்டாம் ஓலைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் கூப்பிட்டார்கள். ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்துச் செய்த ரவா லட்டு. நான் கையை நீட்டவில்லை.

"இன்னாம்மா, எங்க வூட்டு லட்டு ஆவாதா?" என்றார் மாமியாராகப் போகிறவர்.

"சாப்பிடுடி" என்றாள் அம்மா.

அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. "நீருல சர்க்கரை காட்டுது, அத்தை. டாக்டர் இனிப்பு வேணாம்னாரு."

 அவர் தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

மூன்றாம் ஞாயிறு சாமியார் வேறு பெயர்களை வாசித்தார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

மாதக் கடைசியில் டாக்டர் மறுபடி காய்ச்சிப் பார்த்தார். நீலம் நீலமாகவே நின்றது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அதற்கு ஓலை வாசிப்பார்களா? சர்க்கரைக்கு ரேஷன் நீங்கி, கடையில் தாராளமாகக் கிடைத்த பிறகும், எந்த வீட்டுக்குப் போனாலும், கேட்காமலே எனக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி வந்தது.