அக்கானி அடுப்புக்குச் சருகு

சீனி ரேஷனில் அளந்து கிடைத்த காலத்தில் எங்கள் ஊர்க் கருப்பட்டிக்குத் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. வியாபாரிகள் சந்தைவரை காத்திராமல் வீட்டு முற்றத்துக்கே வந்து நின்றார்கள். அப்பா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்த பனைகளோடு இன்னும் அவ்வளவு பனைகளைச் சேர்த்து எடுத்தார்.

பதநீரை நாங்கள் அக்கானி என்போம். அது யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் இறக்கியதை அன்றைக்கே காய்ச்ச வேண்டும். நடுவில் தீ தளர்ந்தால் பதம் கெடும். அதற்கு யாரும் விறகு வாங்குவதில்லை. விளையில், எங்கள் தோப்பில், நிற்கும் கொல்லாமரங்களின் அடியில் உதிர்ந்த சருகுதான் எரிப்பு; முந்திரியைத்தான் கொல்லா என்போம். அதை அரித்துக் கூடையில் நிறைப்பது பெண்பிள்ளைகளின் வேலை. நான் அதில் கெட்டிக்காரி. நான் அரித்த இடம் மெழுகிய முற்றம்போல் இருக்கும் என்று அம்மா சொன்னதாக நினைவு. நானே சொல்லிக்கொண்டேனோ என்னவோ, இப்போது நிச்சயமில்லை.

பனைகள் இரட்டித்தன; கொல்லாமரங்கள் பழைய அளவுக்குத்தான் இலை உதிர்த்தன. ஒருநாள் மத்தியானம் அக்கானி பொங்கிச் சிவந்துவரும் நேரத்தில் கடைசிக் கூடையும் தீர்ந்தது. அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்கு ஓட்டினாள். முன்பெல்லாம் கேட்காமலே சருகு தரும் அத்தை, தன் அடுப்பைவிட்டு நிமிரவில்லை.

“சருகு தந்துட்டு நான் என்ன செய்ய? எனக்க பானைக்கு நீ வந்து தீயா நிப்பியா மக்கா?”

வெறும் கூடையோடு திரும்பியபோது எங்கள் பானை அடங்கிப்போயிருந்தது. காய்ந்தது, கருப்பட்டி வார்க்கும் சிரட்டையில் உறையாமல் இளகி நின்றது. காய்ச்சாமல் மிஞ்சியது சாயங்காலத்துக்குள் புளித்தது. புளித்ததைத் தென்னைமூட்டில் கொட்டிவிட்டு, புதிதாக எடுத்த பனைகளைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள் அம்மா. அப்பாவும் தலையாட்டினார்.

அங்கே உட்கார்ந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, சிரித்துவிட்டார்.

“பனைய என்னத்துக்கு விடணும் அத்தான்? சருகு விழட்டும், விழட்டும்னு கீழ நின்னு கும்பிட்டா காரியம் நடக்குமா? மேல ஏறி எடுக்கணும்.”

மறுநாளே ஏறி எடுத்தார். கொல்லாமரத்தின் கொப்புகளைத் தறித்துப் பாறையில் விரித்தார். மாசி வெயிலில் பச்சை இலை சீக்கிரமே சருகானது. அதை அடுப்பருகே கொண்டுவந்து போட்டபோது அம்மா ஒரு கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏலே, பூவோடல்லா வெட்டியிருக்க. அண்டி பிடிக்காண்டாமா?”

கொல்லாங்கொட்டைக்கு எங்கள் பக்கத்தில் அண்டி என்று பெயர்.

“வெல ஏறினது கருப்பட்டிக்காக்கும் அக்கா. அண்டிக்கு இல்ல.”

கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. அம்மா கொப்பை அடுப்பில் வைத்தாள். பூவோடு எரிந்த இலைக்குத் தனி வாசம், அடுப்படியே மணத்தது. அதற்குப் பிறகு எங்கள் பானை ஒருநாளும் அடங்கவில்லை. பங்குனிக்குள் ஊர் முழுக்க மரமேறித் தறித்தது. அருவாளை இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை, “உனக்க மாமனுக்கு உள்ளங்காலுலயும் மூளயாக்கும் ஏட்டி” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வருஷம் கொல்லாம்பழம் தின்னக் கிடைக்கவில்லை. ஆனால் புதுப் பாவாடை கிடைத்தது.

அடுத்த வருஷமும் கருப்பட்டி விலை இறங்கவில்லை. மரங்கள்தான் தறித்த இடத்தில் சிம்பு சிம்பாகத் துளிர்த்து நின்றன. எவ்வளவு அரித்தாலும் கூடை நிறையவில்லை. அப்பாவும் மாமாவும் கலந்து பேசி, சருகுக்காகவே ஓடைக்கு அப்புறம் ஒரு கொல்லாவிளையைப் பாட்டத்துக்கு எடுத்தார்கள். கருப்பட்டி விற்ற காசு அதற்குத்தான் போனது. எனக்கு அது தெரியாது. எங்களுக்கு இன்னொரு விளையும் வந்துவிட்டது, நாங்கள் பெரிய ஆட்களாகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

முதல்நாள் கூடையோடு அங்கே போகும்போது எங்கள் பழைய விளை வழியாக நடந்தோம். தலைக்குமேல் நல்ல வெளிச்சம்; மண்ணை மூட ஒரு சருகு இல்லை. அம்மா ஒரு மரத்தடியில் நின்று, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரல்களை மெல்ல விரித்தாள். மண் தரையில் விழாமல் காற்றோடு போயிற்று. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து, நானும் ஒரு பிடி அள்ளிப் பறக்கவிட்டேன்.