பாலாற்றில் இறக்கிய பாட்டில்

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பார்த்த லைன் வேலையை விட்டுவிட்டு, ஆறு எவ்வளவு வண்டல் சுமந்து போகிறது என்று அளக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்து பல மாதம் ஆற்றில் தண்ணீரே இல்லை. பாலாறு என்றால் எனக்கு மணல், முள், மேயும் மாடு. அப்புறம் ஒரு மழையில் வந்தது பாருங்கள், கரைக்குக் கரை!

நானும் கூட வேலை பார்த்த திருநெல்வேலி அக்காவும் வாலாஜாபாத் பக்கத்துப் பாலத்துக்கு ஓடினோம். எட்டிப் பார்த்ததும் தலை கிறுகிறுத்தது. தண்ணீர் நிற்க, பாலம் ஓடுவதுபோல் இருந்தது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஊரும் சிரித்துக்கொண்டுதான் நின்றது.

இரும்புக் கூட்டுக்குள் கண்ணாடி பாட்டிலை வைத்து, கயிற்றில் கட்டி, அடிவரை ஒரே சீராக இறக்கி, ஒரே சீராக ஏற்ற வேண்டும். கை தடுமாறினால் பாட்டில் வாய்வரை நிறைந்துவிடும். நிறைந்தால் அது கணக்கில் சேராது.

கயிறு பாதி இறங்கியபோது, பகல் ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் ஒன்று கூட்டத்தில் மாட்டி நின்றது. ஜன்னலில் என் பழைய லைன் தோழிகள்.

“இன்னாடி, மீன் புடிக்கினு கீறியா?”

சிரிப்பில் கயிறு குலுங்கியது. “ஏட்டி, சிரிக்காத! கையப் பாரு!” என்று அதட்டிய அக்காவும் சிரித்துவிட்டார். பாட்டில் தளும்பத் தளும்ப மேலே வந்தது. இறங்கி ஓடிவந்த தோழிகள் கைதட்டினார்கள். நான் அதை அப்படியே ஆற்றில் கவிழ்த்தேன்.

“அய்யோ, ஏன்டி ஊத்திட்ட? ஃபுல்லா தானே வந்துச்சு?”

“ஃபுல்லா வந்தா ரிஜெக்ட்!”

நாளெல்லாம் லைனில் கேட்டுச் சலித்த அந்தச் சொல்லுக்கு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டிலும் அப்படியே பாழ். கடைசியில் அவர்களில் ஒருத்தியே, “வாய மூடுங்கடி, பாவம் அது வேல பாக்கட்டும்” என்றாள். பாலத்துச் சுவரோரம் வரிசையாக மூச்சடக்கி நின்றார்கள். இந்த முறை மேலே கொஞ்சம் இடம் விட்டு, டீ நிறத்தில் பாட்டில் வந்தது. “பாஸ்!” என்று கத்தினார்கள். பஸ் ஹாரன் அடித்ததும் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்கள்.

மறுநாள் அந்தத் தண்ணீரை வடிகட்டிக் காயவைத்ததில் தாளில் ஒரு சிட்டிகை மண் நின்றது. அதை வைத்து மொத்த ஆறும் ஒரு நாளில் எத்தனை லாரி மண் கொண்டுபோகிறது என்று கணக்குப் போட்டேன்.

“இம்புட்டு லாரி மண்ணா? தப்பா இருக்கும், திரும்பப் போடு” என்றார் அக்கா.

போட்டேன். அதேதான் வந்தது. அக்கா கால்குலேட்டரைப் பிடுங்கித் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு, மறுபடி பாலத்துக்குப் போகக் காலி பாட்டில்களை எடுத்துப் பையில் அடுக்கத் தொடங்கினார். ஆறு இன்னும் போய்க்கொண்டிருந்தது.