உளிக்கு உருக்குத் தேடியவன்

முள்ளியவளையில் உருக்கைப் பற்றிக் கேட்பதென்றால் சிவகரனிடம்தான் கேட்க வேண்டும். அவன் செதுக்கிய வேலையைப் பார்ப்பதென்றால் எங்கே போவதென்று யாருக்கும் தெரியாது. அவன் மனைவி ஜெயரூபி இதை அவன் காதில் விழும்படியாகவே சொல்லுவாள்.

வீட்டுத்திட்டத்தில் வீட்டோடு கதவும் தந்தார்கள். செதுக்குவேலைக்காரன் வீட்டில் வெறும் பலகைக் கதவா என்று சிவகரன் அதைக் கழற்றிக் கோழிக்கூட்டில் கம்பியால் கட்டிவிட்டான். முதிரைப் பலகையில் தாமரை செதுக்கித் தானே கதவு செய்வானாம். கடையில் வாங்கும் உளி முதிரை வைரத்தில் மழுங்கிவிடுமாம். உளியையும் தானே அடிக்க வேண்டுமாம், அதற்கு நல்ல உருக்கு வேண்டுமாம். அன்றிலிருந்து வாசலில் ஜெயரூபியின் பழைய சேலை தொங்கியது. கோழிகள் கதவடைத்துத் தூங்கின.

லொறி வில்லுத்தகடு, தேய்ந்த அரம், பேரிங் வளையம் என்று முற்றத்து மூலையில் இரும்பு குவிந்தது. எல்லாவற்றையும் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பொறி பார்ப்பான். பொறி பூவாக வெடித்தால் உருக்கு, நீளக் கோடாக ஓடினால் வெறும் இரும்பு. கழற்றிய கதவை நிலையோடு பிணைத்திருந்த பிணைச்சல்களைக்கூட இப்படித்தான் தேய்த்துத் தீர்த்தான். ஒரேயொரு தடவை அரத்தைக் காய்ச்சி, உளியாக அடித்து, எண்ணெயில் தோய்த்தான். பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், அவசரத்தில் அதை விட்டுவிட்டான். முதல் தட்டிலேயே நுனி பறந்தது. அரம் சரியில்லையாம். ஜெயரூபிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

ஐப்பசியின் முதல் மழை சேலையைத் தாண்டி உள்ளே அடித்தது. விதைநெல் மூட்டை ஒன்று நனைந்து முளைத்துவிட்டது. மற்றவையும் போனால் இந்தப் போகம் விதைப்பு இல்லை. அவள் மூட்டைகளை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருக்க, ஒட்டுசுட்டானில் பழைய பஸ் வில்லுத்தகடு ஒன்று கிடக்கிறதாம் என்று அவன் சைக்கிளை எடுத்தான்.

அவன் போனதும் அவள் கோழிக்கூட்டுக் கதவை அவிழ்த்தாள். தெருவால் போன பழைய இரும்புக்காரனை மறித்து, குவியல் முழுவதையும் கொடுத்து, பிணைச்சலும் தாழ்ப்பாளும் மாற்றாக வாங்கினாள். கதவை அவனே வாசலில் பொருத்தியும் கொடுத்தான்.

மாலையில் மழையோடு சிவகரன் திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. குனிந்து பிணைச்சலைத் தடவிப் பார்த்தான்.

"இது நல்ல இரும்பில்லை, ரூபி. ரெண்டு மாரி தாங்காது."

"உங்கட இரும்பைக் குடுத்துத்தான் வாங்கினனான்," என்றாள் உள்ளேயிருந்து. "இப்ப கோழிக்கூட்டுக்குத்தான் கதவில்லை. அங்க போய்க் குந்துங்கோ. கோழியளுக்கெண்டாலும் ஒரு மறைப்பாய் இருக்கும்."

தாழ்ப்பாள் விழுந்தது.