லுசிண்டா ஃப்ரகோஸோவை வரச் சொல்லுங்கள்

மலைமேல் இருக்கிற அந்தப் பழைய பல்கலைக்கழகத்துக்கு முதல் நாள் வருகிறவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. வளாகம் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. லிஸ்பன் பிள்ளையானாலும் பிரேசில் பிள்ளையானாலும், சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய், கடைசியில் துடைப்பமும் வாளியுமாக நிற்கும் லுசிண்டாவிடம்தான் வந்து சேரும்.

“அந்த வரைபடத்த மடிச்சுப் பையில வை கண்ணு. அதப் போட்டவனே இங்க தொலைஞ்சு போயிருப்பான். கோபுரத்துல அடிக்குதே, அந்த மணிக்கு ஆடுன்னு பேரு. அது கத்தினா எந்திரிச்சு வகுப்புக்கு ஓடு. சூப்பு மட்டும் கீழ்க் கேன்டீன்ல குடி.”

இருபத்தாறு வருஷமாகத் தேர்வுக்கூடத்தைத் துடைத்தவள். கதவோரம் நின்று ஆய்வாளர்கள் வாதாடுவதைக் கேட்டுக் கேட்டு வரலாற்றுப் பைத்தியம் பிடித்துவிட்டது. இருபத்துமூன்று வயதைத் தாண்டியவர்களுக்கான நுழைவுத் தேர்வை இந்த வசந்தத்தில், ஐம்பத்திரண்டு வயதில் எழுதி, தேறியும்விட்டாள். பாக்கி நேர்முகம் மட்டும்தான். மூன்று பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். அதையே சொல்லிச் சொல்லி வீட்டில் புலம்பினாள்.

“என்கிட்ட பேசுறதுல பாதி அங்க பேசினாப் போதும்டி. சீட்டு குடுத்து அனுப்பிடுவாங்க” என்றான் புருஷன் அபீலியோ.

நேர்முகத்தன்று ஒன்பதரைக்குள் வேலையை முடித்து நீலச் சட்டைக்கு மாறிவிடுவதாகத் திட்டம். கூட வேலை செய்யும் கிராஸா அன்றைக்குப் பார்த்தா லீவு போட வேண்டும்! நேர்முக அறைக்குத் தண்ணீர் வைப்பதும் இவள் தலையில் விழுந்தது. சட்டை மாற்றாமல், ஏப்ரனோடேயே கூஜாவும் கையுமாக உள்ளே போனபோது மணி பத்து. மூவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

“வெளிய லுசிண்டா ஃப்ரகோஸோன்னு ஒருத்தர் இருப்பாங்கம்மா. வரச் சொல்லுங்க.”

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நடைவழியில் நாலைந்து இளசுகள் காத்திருந்தார்கள். எல்லாம் மகன் வயது. உள்ளே போய் “அப்படி யாரும் வரலீங்க” என்றால் முடிந்தது கதை. யாருக்கும் தெரியாது. அபீலியோவிடம் கேள்வி கஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிவிடத்தான் நினைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பாதி திரும்பியும்விட்டாள்.

பிறகு ஏப்ரனை அவிழ்த்து ஜன்னல் திட்டில் போட்டாள்.

“லுசிண்டா ஃப்ரகோஸோ!” என்று நடைவழி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். இளசுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

“வரலையா?” என்றார் தலைவர்.

“வந்துட்டாங்க, ஐயா.”

எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எத்தனையோ ஆயிரம் முறை துடைத்த நாற்காலிதான். இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.